பத்திர ஆபீஸை மட்டும் ஏன் விட்டார்கள்? மேல்நிலை வகுப்பில் மின்பாடநூல் வைத்து வரலாறு நடத்துவது

கேள்வி கேட்டவர் பன்னிரண்டாம் வகுப்புக்கு வரலாறு எடுக்கும் முதுகலை ஆசிரியர். பணியில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வந்துவிட்டது, தலைமையாசிரியர் "இனிமே எல்லாம் டிஜிட்டல்ல நடத்துங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டார். நவீன வரலாற்றுக்கு எந்த மின்பாடநூலை எடுப்பது, வகுப்பில் எப்படிப் பயன்படுத்துவது என்று கேட்கிறார். கூடவே ஒரு வருத்தம்: வீடியோ போட்டால் பிள்ளைகள் கண் இமைக்காமல் பார்க்கிறார்கள், மறுநாள் கேட்டால் ஒன்றும் நிற்கவில்லை.

தென்மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் இருபத்தாறு வருடம் இதே பாடத்தை எடுத்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். படிப்பதற்கு அச்சுப் புத்தகமே போதும். திரையில் அச்சுப் புத்தகத்தில் இல்லாததைக் காட்டுங்கள். அதுவும் ஒரு பாடத்துக்கு ஒரே ஒரு ஆவணம். அது அந்தக் காலத்து ஆளே எழுதிய, வரைந்த, பேசிய ஒன்றாக இருக்கட்டும். இதற்கு மேல் நான் சொல்லப்போவதெல்லாம் இதன் விளக்கம்தான்.

மின்பாடநூல் என்ற பெயரில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல பொருள்கள் நம் கைக்கு வருகின்றன. மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. 2015இல் கொண்டுவந்த இ-பாடசாலையில் இருப்பது பெரும்பாலும் அச்சுப் புத்தகத்தின் பி.டி.எஃப். 2017இல் வந்த திக்‌ஷா தளத்தில் பாடத்தோடு இணைத்த வீடியோக்களும் பயிற்சி வினாக்களும் இருக்கின்றன. 2018இல் தொடங்கி நம் மாநிலத்துக்கு வந்த புதிய பாடநூல்களில் பாடத்துக்குள்ளேயே கியூ.ஆர். கோடு அச்சிட்டார்கள், அலைபேசியைக் காட்டினால் அது திக்‌ஷாவுக்கு இட்டுச் செல்லும். அப்புறம் 2019இல் கல்வித் தொலைக்காட்சி, 2023இல் தமிழக அரசின் மணற்கேணி பாடச் செயலி. ஆக, பொருளுக்குப் பஞ்சமில்லை.

பி.டி.எஃப்பில் ஒரு சிக்கல் இருக்கிறது, யாரும் பேசுவதில்லை. நான் இறக்கி வைத்திருந்த ஒரு தமிழ்ப் பாடநூல் கோப்பில் 'சுதேசி' என்று தட்டித் தேடினேன். திரையில் அந்தச் சொல் என் கண் முன்னாலேயே நாலு இடத்தில் இருக்கிறது. கணினியோ 'எதுவும் கிடைக்கவில்லை' என்றது. அந்தப் பத்தியை நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டினால் கட்டம் கட்டமாக ஏதோ வந்து விழுந்தது. காரணம் எழுத்துக் குறியாக்கம், அதாவது ஒவ்வோர் எழுத்துக்கும் கணினிக்குள் எந்த எண் என்ற கணக்கு. நாம் தட்டச்சு செய்வது யூனிகோடில். பல தமிழ்க் கோப்புகள் வேறு குறியாக்கத்தில் அச்சுக்காகக் கோத்தவை. தமிழக அரசு 2010இல் யூனிகோடையும் தமிழுக்கென்றே உருவான டேஸ்-16 குறியாக்கத்தையும் சேர்த்தே ஏற்றது. அச்சுக்காரர்களுக்கு டேஸ்-16 வசதி. தேடுகிறவனுக்கு அதில் ஒரு பயனும் இல்லை.

தேட முடியாததை நீங்களும் நானும் பொறுத்துக்கொள்ளலாம். என் வகுப்பில் பார்வையற்ற மாணவன் ஒருவன் இருந்தான். அலைபேசியை வைத்து எதையும் கேட்டுப் படித்துவிடுவான், செய்தித்தாள் உட்பட. பாடநூலைத் திறந்தால் மட்டும் அது உளறும். "சார், எல்லா புக்கும் பேசுது, நம்ம புக்கு மட்டும் பேச மாட்டேங்குது" என்றான். கடைசியில் பக்கங்களைப் படமாக எடுத்து கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்து எழுத்தாக மாற்றினோம். தமிழுக்கும் அது வேலை செய்கிறது, ஆனால் துணைக்காலையும் 'ர'வையும் மாற்றி மாற்றிப் போட்டுவிடும். வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கு நாலு பக்கம் பிழை திருத்திக் கொடுத்தார்கள். அந்த வருடம் அந்தப் பாடங்களை வகுப்பிலேயே நன்றாகப் படித்தவர்கள் அந்தத் திருத்தக்காரர்கள்தான் என்பது நான் எதிர்பார்க்காத லாபம். உங்கள் வகுப்பில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், ஸ்மார்ட் போர்டுக்கு முன்னால் இதைச் செய்யுங்கள்.

இன்னொன்று, பக்க அமைப்பு. நம் மேல்நிலைப் பாடநூல் பெரிய பக்கம், இரண்டு பத்தியாகக் கோத்தது. அலைபேசித் திரையில் அதைப் படிக்கும் பிள்ளையைக் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். விரலால் விரிக்கும், இடது பத்தியின் அடிவரை இழுக்கும், மறுபடி மேலே ஏறி வலப்பக்கம் போகும், அதற்குள் வாக்கியம் மறந்துபோகும். அதனால்தான் படிக்க அச்சு என்றேன். கையில் புத்தகம் இலவசமாகவே இருக்கும்போது அதன் புகைப்படத்தை எதற்குத் திரையில் பெரிதாகக் காட்ட வேண்டும்?

வீடியோ பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதல்நாள் சாயங்காலமே முழுசாக ஓட்டிப் பார்த்துவிடுங்கள். கியூ.ஆர். கோடு திறக்கிறதா, திறந்தால் அந்தப் பாடத்துக்கே போகிறதா, குரல் பாடநூல் வரியை அப்படியே வாசிக்கிறதா என்று பாருங்கள். வாசிக்கத்தான் செய்கிறது என்றால் அதை விட நீங்களே நன்றாக நடத்துவீர்கள். சினிமாக் காட்சியை வெட்டி ஒட்டிய வீடியோக்களைத் தயவுசெய்து ஒதுக்குங்கள். கட்டபொம்மனும் சிதம்பரனாரும் எப்படி இருந்தார்கள் என்று கேட்டால் என் பிள்ளைகள் நடிகர் முகத்தைத்தான் வர்ணித்தார்கள். சிதம்பரனாருக்காவது புகைப்படம் இருக்கிறது. அதற்குப் பதிலாக, காந்தி 1947 ஏப்ரலில் டெல்லியில் நடந்த ஆசிய உறவுகள் மாநாட்டில் ஆங்கிலத்தில் பேசிய ஒலிப்பதிவை இரண்டு நிமிடம் போட்டுக் காட்டுங்கள். "இவ்வளவு மெல்லிசாவா சார் பேசுவாரு?" என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். இந்தக் குரலுக்கா லட்சக்கணக்கான ஆள் கூடினார்கள் என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம். பாடம் அங்கே தொடங்கும்.

சரி, ஆவணத்துக்கு வருவோம். நான் திரும்பத் திரும்ப நடத்திய ஒரு வகுப்பைச் சொன்னால் நான் என்ன சொல்ல வருகிறேன் என்று புரியும்.

சுதேசி இயக்கப் பாடம். வ.உ.சி.யின் கப்பல் கம்பெனி 1906 அக்டோபர் 16 அன்று பதிவானது, பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய், காலியா, லாவோ என்று இரண்டு கப்பல். 1908இல் தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தம், மார்ச் 12 அன்று வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைது, மறுநாள் திருநெல்வேலிக் கலவரம், துப்பாக்கிச் சூட்டில் நால்வர் சாவு. இதெல்லாம் கரும்பலகையில் முடிந்துவிடும். அப்புறம் திரையில் ஒரே ஒரு பக்கம்: 1918ஆம் ஆண்டின் ராஜதுரோகக் குழு அறிக்கை. ரௌலட் சட்டம் என்று நாம் அடுத்த பாடத்தில் நடத்துகிறோமே, அந்தச் சட்டத்துக்கு அடிப்படையான அறிக்கை இது. இணைய ஆவணக் காப்பகத்தில் (archive.org) முழுப் புத்தகமும் ஸ்கேன் செய்து கிடைக்கிறது. வங்காளம், பஞ்சாப் என்று போகும் அறிக்கையில் மதராசுக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. குழுவில் இருந்த ஐந்து பேரில் ஒருவர் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி சி.வி. குமாரசாமி சாஸ்திரி. நம் ஊர்க்காரர் ஒருவரும் கையெழுத்துப் போட்ட அறிக்கை என்றதும் வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

திருநெல்வேலிக் கலவரம் பற்றி அதில் ஒரு சின்னப் பத்திதான். ஊரில் இருந்த அரசுக் கட்டடங்கள் எல்லாம் தாக்கப்பட்டன, சார்பதிவாளர் அலுவலகம் ஒன்றைத் தவிர. மேசை நாற்காலியும் ஆவணக் கட்டுகளும் எரிக்கப்பட்டன. நகராட்சி அலுவலகம் சாம்பலானது. 27 பேர் தண்டிக்கப்பட்டார்கள். நான் இதைத் தமிழில் எழுதி, ஆங்கிலப் பத்திக்குப் பக்கத்தில் வைத்துத் திரையில் காட்டுவேன். காட்டிவிட்டு ஒன்றும் விளக்க மாட்டேன். "ரெண்டு தரம் படிங்க. உங்களுக்கு என்ன கேள்வி வருதோ அதை எழுதுங்க" என்பேன்.

முதல் தடவை நடத்தியபோது நான் எதிர்பார்த்த கேள்வி, 'அறிக்கை ஏன் கட்டடத்தையே எண்ணிக்கொண்டிருக்கிறது' என்பது. அதுவும் வந்தது. ஆனால் பின்வரிசையில் வழக்கமாக வாயே திறக்காத ஒரு பெண் எழுந்து, "சார், பத்திர ஆபீஸை மட்டும் ஏன் விட்டாங்க?" என்றாள். பல வருடமாக அந்தப் பத்தியைப் படித்த எனக்கு அது தோன்றவேயில்லை. நான் திணறுவதைப் பார்த்து இன்னொருவன், "நம்ம வீட்டுப் பத்திரமும் அங்கதான சார் இருக்கும், எரிஞ்சா நமக்குத்தான நட்டம்" என்றான். அவன் வீட்டில் அப்போது ஒரு நிலத் தகராறு ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு பிள்ளை, "அப்ப அவங்க வெறி பிடிச்சு எரிக்கல, யோசிச்சுத்தான் எரிச்சிருக்காங்க" என்றது. இதெல்லாம் ஊகம், ஊகம் என்று பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். எழுதிக்கொண்டார்கள். அந்த வருடம் சுதேசி இயக்கத்தை யாரும் மறக்கவில்லை.

உங்கள் வருத்தத்துக்கு இதில் பதில் இருக்கிறது. வீடியோ எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்துவிடுகிறது, பிள்ளை செய்ய ஒன்றும் மிச்சமில்லை. அந்தப் பத்தியில் ஓர் ஓட்டை இருந்தது, அதற்குள் அவர்கள் புகுந்துகொண்டார்கள்.

இப்படிப்பட்ட பக்கங்கள் எங்கே கிடைக்கும் என்றால், இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தின் 'அபிலேக் படல்' தளம் 2015லிருந்து இருக்கிறது. பெயர் பதிந்துகொண்டால் போதும். அரசியல் நிர்ணய சபை விவாதங்கள் முழுவதும் இணையத்தில் இருக்கின்றன. தமிழில் வேண்டுமென்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். பழைய இதழ்களும் நூல்களும் ஏராளம், படிக்கவே நேரம் போதாது. பெரும்பாலான அரசு ஆவணங்கள் ஆங்கிலத்தில் இருப்பதுதான் நம் பிள்ளைகளுக்கு முட்டுக்கட்டை. பத்து வரிக்கு மேல் எடுக்காதீர்கள், அதை நீங்களே மொழிபெயர்த்து விடுங்கள், மூலத்தையும் பக்கத்தில் வையுங்கள். ஆங்கிலம் தெரிந்த பிள்ளை உங்கள் மொழிபெயர்ப்பில் குறை கண்டுபிடித்தால் சந்தோஷப்படுங்கள்.

திரைக்கென்றே பிறந்த பொருள் இன்னொன்று வரைபடம். பிரிவினைப் பாடத்தில் புத்தகம் ஒரு வரைபடத்தைக் காட்டும்: இந்தப் பக்கம் இந்தியா, அந்தப் பக்கம் பாகிஸ்தான், நடுவில் கோடு, கீழே 1947. பிள்ளை அதைப் பார்த்து ஆகஸ்ட் 15 அன்று அந்தக் கோடு இருந்தது என்று நினைத்துக்கொள்கிறது. இல்லை. எல்லையை வகுக்க அமர்த்திய ஆங்கிலேய வழக்கறிஞர் ராட்கிளிஃப் இந்தியாவுக்கு வந்ததே ஜூலை 8. எல்லையை வெளியிட்டது ஆகஸ்ட் 17, சுதந்திரம் வந்து இரண்டு நாள் கழித்து. இடைப்பட்ட நாளில் வங்காளத்து முர்ஷிதாபாத்தில் பாகிஸ்தான் கொடி ஏற்றினார்கள், குல்னாவில் இந்தியக் கொடி. 17ஆம் தேதிக்கு அப்புறம் முர்ஷிதாபாத் இந்தியாவுக்கும் குல்னா பாகிஸ்தானுக்கும் போனது.

இதைக் காகிதத்தில் காட்டுவது கஷ்டம். திரையில் மூன்று படம் போதும். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னூலகத்தில் ஆங்கிலேயர் காலத்து இம்பீரியல் கெசட்டியரின் பழைய வரைபடங்கள் கிடைக்கின்றன. பிரிக்காத வங்காளத்தை அதன் 1931 பதிப்பிலிருந்து எடுங்கள், 1909 பதிப்பில் 1905ஆம் ஆண்டு வங்கப் பிரிவினை இருக்கும். கூகுள் எர்த் கணினிப் பதிப்பில் பழைய வரைபடத்தை இன்றைய நிலத்தின் மேல் படர விடலாம், மங்கலாக்கவும் செய்யலாம். முதல் படம், கோடே இல்லாதது. 'ஆகஸ்ட் 15' என்று தலைப்பிடுங்கள். இரண்டாவதில் முர்ஷிதாபாத், குல்னா இரண்டில் மட்டும் அன்று பறந்த கொடியைப் போடுங்கள். மூன்றாவதில் கோட்டை வரையுங்கள். இரண்டாவது படத்தில் கொஞ்ச நேரம் நிறுத்தி, "நீ குல்னாவில் இருக்கிறாய், இன்று 16ஆம் தேதி, வீட்டை விற்பாயா?" என்று கேளுங்கள். இதற்குப் பிறகு பிரிவினையைக் கண்ணால் கண்டவர்களின் வாய்மொழிப் பதிவுகளில் ஒன்றைக் கேட்க வைத்தால் நன்றாக இருக்கும். 1947 பிரிவினை ஆவணக் காப்பகம் என்ற அமைப்பு அப்படிப் பல ஆயிரம் பேரிடம் பதிவு செய்திருக்கிறது.

அடுத்து நான் சொல்லப்போவதுதான் வரலாற்று ஆசிரியருக்கு முக்கியம். அச்சுப் புத்தகம் மாறினால் பழைய பிரதி யார் வீட்டுப் பரணிலாவது கிடக்கும். மின்பாடநூல் மாறினால் பழையது இருந்த இடத்திலேயே புதியது உட்கார்ந்துகொள்ளும், நேற்று என்ன இருந்தது என்று காட்டாது.

என்.சி.இ.ஆர்.டி.யின் பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்று நூலை எடுத்துக்கொள்ளுங்கள். பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்று 2022இல் ஒரு பட்டியல் வந்தது. முகலாய அரசவை பற்றிய பாடம் போனதைத்தான் எல்லோரும் பேசினார்கள். நவீன வரலாற்றுப் பகுதியில் காலனிய நகரங்கள் பற்றிய பாடமும் பிரிவினை பற்றிய பாடமும் போயின. காலனிய நகரங்கள் பாடத்தில் நம் மதராஸ் இருந்தது. கோட்டையும் அதற்கு வெளியே இந்தியர்கள் வாழ்ந்த கறுப்பர் நகரமும் அதில் வரும். பிரிவினைப் பாடம், வாய்மொழி வரலாற்றை எப்படி ஆதாரமாகக் கையாளுவது என்று பள்ளிப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்த அருமையான பாடம். காந்தி பாடத்தில் கோட்சே பற்றிய வரிகளும் மாறின. நீக்கியது சரியா தப்பா என்ற சண்டை ஒருபக்கம் இருக்கட்டும் (எனக்கு அது தப்பு என்றுதான் படுகிறது). இன்று தளத்துக்குப் போய் அந்த நூலைத் திறக்கும் பிள்ளைக்கு அங்கே ஒரு பாடம் இருந்ததே தெரியாது.

இது புதிய கதையும் இல்லை. காந்தியின் எழுத்துகள் 100 தொகுதி, 1958இல் தொடங்கி 1994இல் முடித்தார்கள். பிறகு 1990களின் கடைசியில் ஒரு திருத்திய பதிப்பும் சிடியும் வந்தன. பழைய பதிப்பில் இருந்த பல பதிவுகளைக் காணோம், வரிசையும் மாறியிருக்கிறது என்று ஆய்வாளர்கள் ஒப்பிட்டுக் காட்டினார்கள். 2005இல் அரசு அந்தப் பதிப்பைத் திரும்பப் பெற்றது. இப்போது சபர்மதி ஆசிரமத்தின் காந்தி மரபுத் தளத்தில் பழைய பதிப்பே படிக்கக் கிடைக்கிறது. அன்று தப்பைக் கண்டுபிடிக்க முடிந்தது, ஏனென்றால் நூலகங்களில் அச்சுத் தொகுதிகள் இருந்தன. அச்சே இல்லாமல் மின்வடிவில் மட்டும் வந்திருந்தால் எதை வைத்து ஒப்பிட்டிருப்பார்கள்?

அதனால் என் பழக்கம் இது. எந்த மின்பாடநூலை இறக்கினாலும் கோப்பின் பெயரில் இறக்கிய தேதியைச் சேர்த்துவிடுவேன். புதிய பதிப்பு வந்தால் பழையதை அழிக்க மாட்டேன். வருடத்துக்கு ஒரு தடவை இரண்டு பதிப்பிலும் ஒரே பக்கத்தை அக்கம்பக்கமாகத் திரையில் போட்டு, எது மாறியிருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்வேன். பிள்ளைகள் குஷியாகிவிடுவார்கள், ஆறு வித்தியாசம் கண்டுபிடிப்பது மாதிரி. 'ஏன் மாற்றினார்கள்' என்ற கேள்வி தானாக வரும். பாடநூலும் ஒருவர் எழுதியது, ஒரு காலத்தில் எழுதியது என்பது பன்னிரண்டாம் வகுப்பில் புரிந்தால் சீக்கிரமே புரிந்ததாக அர்த்தம்.

சில்லறை விஷயங்கள் கொஞ்சம் இருக்கின்றன. வகுப்பில் எல்லோரிடமும் அலைபேசி இருக்காது; இருப்பது பெரும்பாலும் அப்பாவுடையது, அவர் ராத்திரிதான் வருவார். வீட்டுப்பாடத்தை இணையத்தில் கொடுத்தால் பெண்பிள்ளைகள்தான் முதலில் பின்தங்குவார்கள். அதனால் தேவையான பக்கத்தை மட்டும் படமாக்கி, சின்னக் கோப்பாக வாட்ஸாப்பில் அனுப்புங்கள். நாலு பிரதி அச்செடுத்து வகுப்புச் சுவரிலும் ஒட்டுங்கள். கரண்ட் போகும் நாளுக்கும் அது உதவும். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு எழுதி வரும் பிள்ளையைத் திட்டாதீர்கள். அது கொடுத்த தேதிகளைப் பாடநூலில் சரிபார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள், சில நாள் நல்ல வேட்டை கிடைக்கும்.

தலைமையாசிரியரும் பெற்றோரும் கேட்கப்போகிற கேள்வி மார்க் எங்கே என்பது. பொதுத்தேர்வில் எழுத்துத் தேர்வுக்கு 90, அகமதிப்பீட்டுக்கு 10. அந்த 90இல் ராஜதுரோகக் குழு அறிக்கையைப் பற்றி யாரும் கேட்கப்போவதில்லை, உண்மைதான். ஆனால் நான் ஆவணத்துக்குக் கொடுத்தது ஒரு பாடத்துக்கு ஒரே பீரியட். பதினைந்து பாடத்துக்குப் பதினைந்து பீரியட், வருடம் முழுவதற்கும். மீதி நேரமெல்லாம் வழக்கமான பாடமும் திருப்புதல் தேர்வும்தான். ஐந்து மார்க் கேள்விக்குப் பிள்ளைகள் எழுதும் பதில் கொஞ்சம் நீளமானதைக் கண்ணால் பார்த்தேன். மனப்பாடம் பாதியில் நின்றாலும் மீதியைச் சொந்தமாக எழுதிவிடுவார்கள்.

பதினைந்தையும் இந்த வருடமே செய்ய வேண்டாம். முதல் பருவத்துக்குள் சுதேசி இயக்கம் ஒன்றை மட்டும் முயன்று பாருங்கள். அறிக்கையில் மதராஸ் அத்தியாயத்தைத் தேடி அந்தப் பக்கத்தை மட்டும் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் மங்கலாகத்தான் இருக்கும், போர்டில் கொஞ்சம் பெரிதாக்கினால் பின்வரிசைக்கும் தெரியும். உங்கள் ஊர் திருநெல்வேலிப் பக்கம் இல்லை என்றால் சார்பதிவாளர் அலுவலகக் கேள்வி வராமல் போகலாம், வேறு ஏதாவது வரும். என்ன வந்தது என்று எழுதுங்கள், எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை.